‘இன்னும் எவ்வளவு நாள் டாக்டர்?’ - ஸ்கேன் படத்தில் இருப்பதும் இல்லாததும்

திண்டுக்கல்லில் அவருக்கு 30 வருடமாகத் தையல் கடை. ஜென்ட்ஸ் டெய்லர். வயது 57. வைகாசி முகூர்த்த சீசனில்தான் முதலில் கோளாறு தெரிய ஆரம்பித்தது. மேஜையில் துணியை விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரி வைப்பார். வலப்பக்கம் எல்லாம் சரியாக இருக்கும். அவருக்கு இடப்பக்கம் இருக்கிற ஓரம் மட்டும் வெட்டப்படாமல் அப்படியே நிற்கும். கடைப் பையன் எடுத்துக்காட்டினால், “அட, ஆமாடா” என்பார். கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று நினைத்து, புதுக் கண்ணாடியும் போட்டுக்கொண்டார்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது அவர் மனைவி. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் இலையில் வலப்பக்கம் வைத்த பொரியல், கூட்டு எல்லாம் காலி. நுனி இலைப் பக்கம், அதாவது இடது ஓரத்தில், உப்பும் ஊறுகாயும் இனிப்பும் வைத்தது வைத்தபடி இருந்தன. அவரோ பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, “தம்பி, உப்பு வைக்கலையேப்பா” என்றார்.

“இலையிலதானேங்க இருக்கு?”

அவர் குனிந்து பார்த்தார். தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

மூளையின் வலது பக்கத்தில், காதுக்கு மேலே கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கிற பகுதி கெட்டால் இப்படி நடக்கும். கண் பார்க்கும். மூளை அந்த இடது பாதியைக் கணக்கிலேயே சேர்க்காது. ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதுகூட அந்த மனிதருக்குத் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. உள்ளூரில் ஒரு சி.டி ஸ்கேன் எடுத்தார்கள். அதைப் பார்த்ததும், மதுரையில் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எம்.ஆர்.ஐ எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

படத்தில் ஒரு வளையம் இருந்தது. நடுவில் கறுப்பு, சுற்றிலும் ஒழுங்கில்லாத வெள்ளை விளிம்பு, அதைச் சுற்றி வீக்கம். நரம்பியல் அறுவை சிகிச்சை டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். எதுவும் சொல்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர்களின் அந்த மௌனத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எந்த ரிப்போர்ட்டையும்விட நீளமானது.

“கிளையோபிளாஸ்டோமாவா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. ஆனா, எடுத்து டெஸ்ட் பண்ணாம நான் உறுதியா சொல்ல மாட்டேன்” என்றார்.

அப்படி அவர் தயங்கியது பேச்சுக்காக இல்லை. நம் நாட்டில் மூளையில் வளையம் மாதிரி தெரிவதெல்லாம் புற்றுநோய் இல்லை. காசநோய்க் கட்டி அப்படித் தெரியும். நாடாப்புழு முட்டை வயிற்றுக்குள் போய், அதன் இளம்புழு மூளையில் தங்கினாலும் அப்படித் தெரியும். சீழ்க்கட்டியும் அப்படித்தான். டிஃப்யூஷன், ஸ்பெக்ட்ராஸ்கோப்பி என்று எம்.ஆர்.ஐ மெஷினிலேயே எடுக்கிற கூடுதல் படங்களை வைத்துப் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள். ஆனாலும், கடைசித் தீர்ப்பு மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைக்கிற திசுத் துணுக்கில்தான். “டி.பி கட்டியா இருந்திடணும்” என்று ஒரு குடும்பம் பிள்ளையார் கோயிலில் வேண்டிக்கொள்கிற நிலைமையை வெளியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த அம்மா அப்படித்தான் வேண்டிக்கொண்டார்.

ஆனியில் ஆபரேஷன் நடந்தது. அது டி.பி இல்லை.

மகளுக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மகன் இன்ஜினீயரிங் கடைசி வருடம். அவன் அன்றைக்கே போனில் தேடி ஒரு எண்ணைக் கண்டுபிடித்துவிட்டான். 14.6 மாதம். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால், விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். அடுத்த ஆவணி வரைக்கும் வந்தது.

அந்த எண் எங்கிருந்து வந்தது? 2005-ல் வெளியான ஒரு பெரிய ஆய்விலிருந்து. ஐரோப்பாவிலும் கனடாவிலும் 573 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கதிர்வீச்சு மட்டும். இன்னொரு பகுதியினருக்குக் கதிர்வீச்சோடு டெமோசோலமைட் என்கிற மாத்திரை. கதிர்வீச்சு மட்டும் வாங்கியவர்களில் சரிபாதிப் பேர் 12.1 மாதம் தாண்டினார்கள். மாத்திரையும் சேர்ந்தவர்களில் சரிபாதிப் பேர் 14.6 மாதம் தாண்டினார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க இந்தச் சிகிச்சைதான் அடித்தளம்.

‘சரிபாதிப் பேர் தாண்டினார்கள்’ என்பதைத்தான் இணையத்தில் படிப்பவர்கள் ‘14 மாதம்தான்’ என்று படித்துவிடுகிறார்கள். அதே ஆய்வில், மாத்திரையும் சேர்ந்தவர்களில் 26.5 சதவிகிதம் பேர் இரண்டு வருடம் கழித்தும் இருந்தார்கள். ஐந்து வருடம் கழித்து ஏறக்குறைய பத்தில் ஒருவர் இருந்தார். 14.6 என்பது கெடு தேதி இல்லை, கூட்டத்தின் நடுவில் நட்ட ஒரு கம்பு. யார் கம்புக்கு இந்தப் பக்கம், யார் அந்தப் பக்கம் என்பதுதான் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிற கேள்வி.

அதை ஸ்கேன் படம் சொல்லிவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்புதான். அவ்வளவு தெளிவாக இருக்கிறது படம். அந்தத் தெளிவு ரொம்பப் பழசும் இல்லை. எக்ஸ்-ரே 1895-லேயே வந்துவிட்டது. ஆனால், அதில் மண்டை ஓடுதான் தெரியும், உள்ளே இருக்கும் மூளை தெரியாது. 1918-ல் அமெரிக்காவில் வால்டர் டாண்டி, மூளையின் நடுவில் இருக்கிற நீர் அறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்-ரே எடுத்தார். அறை எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறதோ, அந்தப் பக்கம் கட்டி. 1927-ல் போர்ச்சுக்கலில் எகாஸ் மோனிஸ் ரத்தக் குழாயில் மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தார். வேலூரில் 1949-ல் ஜேக்கப் சாண்டியும், சென்னையில் 1950-ல் பி.ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கியபோது, கையில் இருந்தவை இந்த இரண்டு வழிகள்தான். பக்கத்துச் சுவர் சாய்ந்திருப்பதைப் பார்த்து, உள்ளே என்ன விழுந்திருக்கும் என்று ஊகிக்கிற மாதிரி.

1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில், மூளைக் கட்டி இருக்குமோ என்று சந்தேகப்பட்ட ஒரு பெண்மணிக்கு முதல் சி.டி ஸ்கேன் எடுத்தார்கள். மெஷினைச் செய்தவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. அவர் வேலை பார்த்தது இசைத்தட்டு போடுகிற இ.எம்.ஐ கம்பெனியில். கட்டி படத்தில் நேராகத் தெரிந்தது. அவருக்கும் ஆலன் கார்மாக்குக்கும் 1979-ல் நோபல் கிடைத்தது. எம்.ஆர்.ஐ-க்காக லாட்டர்பருக்கும் மேன்ஸ்ஃபீல்டுக்கும் 2003-ல்.

இதெல்லாம் ‘எங்கே இருக்கிறது’ என்ற கேள்விக்கு விடை. ‘இனி என்ன ஆகும்’ என்ற கேள்வி அப்புறம்தான் வந்தது. அதற்குப் படம் பாதி விடைதான் வைத்திருக்கிறது.

அந்தப் பாதியும் சாதாரணமானதில்லை. ஆபரேஷன் முடிந்து 48 மணி நேரத்துக்குள் தையற்காரருக்கு மறுபடியும் எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். “இப்பத்தானே தலையைத் திறந்து மூடுனாங்க, அதுக்குள்ள எதுக்கு இன்னொரு செலவு?” என்று மனைவியின் தம்பி கேட்டார். காரணம் இருக்கிறது. ஒரு வாரம் விட்டால், கத்தி பட்ட இடத்தில் ஆறுகிற புண்ணும் படத்தில் வெள்ளையாகத் தெரிய ஆரம்பிக்கும். மிச்சக் கட்டி எது, புண் எது என்று பிரிக்க முடியாமல் போகும். வெள்ளையாகத் தெரிகிற கட்டி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது, வரப்போகும் நாள்களைப் பற்றி இந்த நோயில் கிடைக்கிற நல்ல தடயங்களில் ஒன்று. மிச்சம் குறைய குறைய, பொதுவாக நாள் கூடுகிறது. இவருக்கு ஏறக்குறைய முழுதும் எடுத்திருந்தார்கள். கை கால் விழவில்லை. தானே எழுந்து பாத்ரூம் போனார். நோயாளியின் வயதும், அவர் தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடிகிறதா என்பதும் ஸ்கேனுக்குச் சமமான தடயங்கள். இவற்றைப் பார்க்கக் கோடி ரூபாய் மெஷின் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் போதும்.

இன்னொரு தடயம் திசுவில் இருந்தது. எம்.ஜி.எம்.டி என்று ஒரு மரபணு. மாத்திரை கட்டியின் டி.என்.ஏ-வைக் கிழித்தால், இந்த மரபணு ஊசி நூலோடு வந்து தைத்துவிடும். சிலருடைய கட்டியில் இது பூட்டப்பட்டிருக்கும். அதைத்தான் ரிப்போர்ட்டில் ‘மெத்திலேட்டட்’ என்று எழுதுகிறார்கள். பூட்டியிருந்தால் மாத்திரை நன்றாகப் பிடிக்கும். 2005 ஆய்வில் அப்படிப்பட்டவர்களில் மாத்திரையும் சேர்த்து வாங்கியோருக்கு அந்த நடுக்கம்பு 14.6-ல் இல்லை, 21.7 மாதத்தில் இருந்தது.

இந்த ரிசல்ட் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. காத்திருந்த மகனுக்கு ஒரு யோசனை. ‘ஏ.ஐ இவ்வளவு செய்யுதே. ஸ்கேன் படத்தைக் கொடுத்தா இதைச் சொல்லிடாதா?’

இதே கேள்வியை வைத்து 2021-ல் உலக அளவில் ஒரு போட்டியே நடந்தது. வட அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்கள் சங்கமும் மருத்துவப் படக் கணிப்பொறி ஆராய்ச்சியாளர்களின் சங்கமும் சேர்ந்து, மூளைக் கட்டி எம்.ஆர்.ஐ படங்களைக் கொடுத்து, எம்.ஜி.எம்.டி பூட்டியிருக்கிறதா, இல்லையா என்று கணிக்கச் சொன்னார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் இறங்கின. மதிப்பெண் முறையில் 1 என்றால் எல்லாம் சரி, 0.5 என்றால் காசைச் சுண்டிப் போட்டுச் சொல்வதற்குச் சமம். முதல் பரிசு வாங்கியவர்கள் எடுத்தது 0.62.

இதனால் ஏ.ஐ வீண் என்று ஆகிவிடாது. கட்டியின் எல்லையை வரைவதிலும், போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் எத்தனை மில்லி கூடியிருக்கிறது என்று அளப்பதிலும் அது கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. மனிதக் கண்ணே சில படங்களில் மரபணுவைப் படித்துவிடுவதும் உண்டு. ஐ.டி.ஹெச் என்ற மரபணு மாறிய ஒருவகைக் கட்டி, இரண்டு விதமான எம்.ஆர்.ஐ படங்களில் இரண்டு விதமாகத் தெரியும். ஒன்றில் பளிச்சென்று, இன்னொன்றில் விளிம்பு தவிர உள்ளே மங்கலாக. அந்த அடையாளம் இருந்தால் பெரும்பாலும் தப்பாது. அந்த வகைக் கட்டி மெதுவாக வளரும். வருடக்கணக்கில் பேசலாம். இவருடைய கட்டியில் அந்த மாற்றம் இல்லை. ஆனால், எம்.ஜி.எம்.டி பூட்டியிருந்தது. “நல்ல செய்திதான்” என்றார் ரேடியேஷன் டாக்டரம்மா. அந்தக் குடும்பத்துக்கு இரண்டு மாதத்தில் கிடைத்த முதல் நல்ல செய்தி, உச்சரிக்கவே வராத ஓர் இங்கிலீஷ் வார்த்தையாக வந்தது.

ஆடியில் ஆரம்பித்து ஆவணி கடைசி வரைக்கும் 30 நாள் கதிர்வீச்சு. முகத்துக்கு அளவெடுத்துச் செய்த வலை மாதிரியான முகமூடியைப் போட்டு, மேஜையோடு சேர்த்துத் திருகிவிடுவார்கள். “அளவு கச்சிதமா எடுத்திருக்காங்க” என்று தையற்காரர் பாராட்டினார். கூடவே தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை. பிசியோதெரபி செய்கிற பெண் ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். வீட்டுக் கட்டிங் மேஜையின் இடது ஓரம் முழுக்கச் சிவப்பு ரிப்பன் ஒட்டவேண்டும், அந்தச் சிவப்பு கண்ணில் படும் வரை தலையைத் திருப்பித் திருப்பிப் பழக வேண்டும். தட்டிலும் இடது ஓரத்தில் சிவப்பு ஒட்டினாள் மகள். ஆவணியில் உப்பு கண்ணில் படத் தொடங்கியது.

புரட்டாசியில், கதிர்வீச்சு முடிந்து ஒரு மாதம் கழித்து, முதல் ஸ்கேன்.

ரிப்போர்ட்டை ஸ்கேன் சென்டர் வாசலிலேயே மகன் பிரித்துப் படித்தான். கட்டியை எடுத்த இடத்தில் மறுபடி வெள்ளை வளையம். முன்னைக்கு இப்போது பெரிது. வீக்கமும் கூடியிருக்கிறது. ரிப்போர்ட்டின் கடைசி வரியில், நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் என்கிற பொருளில் வழக்கமாகப் போடுகிற ஓர் இங்கிலீஷ் வாக்கியம் இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை. யாருமே படிப்பதில்லை.

அன்று ராத்திரி வீட்டில் நடந்தது சின்னப் பேச்சு இல்லை.

“அக்கா, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதே. ஆறு வாரம் கரண்டு வெச்சும் வளந்திருச்சுன்னா இனி என்ன இருக்கு? அந்த மாத்திரையை நிப்பாட்டு. மச்சானைச் சித்திரவதை பண்ணாதே. கல்யாணத்தை ஐப்பசிக்கு முன்னால இழுத்துரலாம், நான் சம்பந்தி வீட்ல பேசுறேன். மிச்சப் பணமாச்சும் புள்ளைக்கு நிக்கட்டும்” என்றார் தம்பி.

அவர் கெட்டவர் இல்லை. இப்படிப் பேச ஒருவர் ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார், அவர்தான் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கொடுக்கவும் முதலில் ஓடி வருவார். மகள் ஒன்றும் சொல்லாமல் அழுதாள். மகன், “மாமா சொல்றது சரியோ” என்ற இடத்துக்கு வந்துவிட்டான்.

மறுநாள் டாக்டரம்மா ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, சி.டி-யைக் கம்ப்யூட்டரில் போட்டார். பழைய படங்களையும் பக்கத்தில் திறந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். “ஆளு எப்படி இருக்கார்?”

“நல்லாத்தான் இருக்காரு. போன மாசத்துக்கு இப்ப நல்லா நடக்குறாரு.”

“ஸ்டீராய்டு மாத்திரையைக் கூட்டினீங்களா?”

“இல்லம்மா, நீங்க சொன்ன மாதிரி குறைச்சுக்கிட்டே வர்றோம்.”

இந்த இரண்டு பதிலும் சேர்ந்ததும்தான் அவர் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் சொன்னதில் முக்கியமானது இது. படத்தில் தெரிகிற வெள்ளை, கட்டி இல்லை. கசிவு.

எம்.ஆர்.ஐ-க்கு முன்னால் போடுகிற கடோலினியம் ஊசி ரத்தத்தோடு ஓடுகிறது. மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் ரொம்பக் கெட்டி, மருந்தை வெளியே விடாது. கட்டி அவசர அவசரமாகக் கட்டிக்கொள்கிற ரத்தக் குழாய்கள் ஓட்டை ஒடிசல். அங்கே மருந்து கசியும். கசிந்த இடம் வெள்ளையாகத் தெரியும். அதனால்தான் வெள்ளையைப் பார்த்தால் கட்டி என்கிறோம். ஆனால், கதிர்வீச்சும் மாத்திரையும் சேர்ந்து கட்டியைத் தாக்கும்போது அந்த இடமே புண்ணாகிறது. புண்ணான குழாயும் கசியும். அதுவும் வெள்ளையாகத்தான் தெரியும். சுவரில் ஈரக் கறையைப் பார்த்தால் எங்கேயோ குழாய் கசிகிறது என்று தெரியும். குழாய் தானாக உடைந்ததா, ரிப்பேர் பார்க்க வந்த கொத்தனார் தட்டியதில் உடைந்ததா என்று கறையைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

இதற்குப் ‘பொய் வளர்ச்சி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இந்தச் சிகிச்சை எடுப்பவர்களில் பத்தில் இரண்டு, மூன்று பேருக்கு முதல் சில மாதங்களில் இப்படி வருகிறது. எம்.ஜி.எம்.டி பூட்டியவர்களுக்கு, அதாவது மருந்து நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு, இது கூடுதலாக வருகிறது. படம் மோசமாகத் தெரிவதே மருந்து பிடித்திருக்கிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம். விஷயம் அவ்வளவு தலைகீழ்.

1990-லிருந்து டாக்டர்கள் வைத்திருந்த விதிப்படி, வெள்ளை 25 சதவிகிதம் கூடினால் நோய் முற்றிவிட்டது என்று கணக்கு. மாத்திரை வந்து சில வருடங்களில், ‘முற்றிவிட்டது’ என்று முடிவு கட்டப்பட்டவர்களில் சிலர், அதே சிகிச்சையில் தானாகத் தேறுவதைக் கவனித்தார்கள். 2010-ல் விதியை மாற்றினார்கள். கதிர்வீச்சு முடிந்து 12 வாரத்துக்குள் எடுக்கிற படத்தில் வெள்ளை கூடினாலும், கதிர்வீச்சு பட்ட இடத்துக்கு வெளியே புதிதாக வந்தாலோ, திசு எடுத்துப் பார்த்து உறுதியானாலோ தவிர, முற்றிவிட்டது என்று சொல்லக் கூடாது. 2023-ல் இன்னும் ஒரு படி போய், கதிர்வீச்சுக்குப் பிறகு எடுக்கிற படத்தையே ஒப்பிடுவதற்கான புது ஆரம்பமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. பெவாசிசுமாப் என்று ஒரு ஊசி, ஓட்டைக் குழாய்களை அடைத்துவிடும். சில நாளிலேயே வெள்ளை மறையும். படம் சுத்தமாக இருக்கும், கட்டி உள்ளே இருக்கும். ஸ்டீராய்டைக் கூட்டினாலும் படம் கொஞ்சம் அழகாகும். ‘ஸ்டீராய்டு எவ்வளவு?’ என்று டாக்டரம்மா கேட்டது அதற்காகத்தான். ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் அந்த அளவையும், பழைய சி.டி-க்களையும் கையோடு கொண்டுபோனால், படத்தைப் படிக்கிறவருக்குப் பாதி வேலை மிச்சம்.

பெர்ஃபியூஷன் என்று இன்னொரு படம் எடுத்தார்கள். அந்த இடத்துக்கு ரத்தம் எவ்வளவு பாய்கிறது என்று அது காட்டும். வளர்கிற கட்டி என்றால் ரத்தம் நிறையப் பாயும். இவருக்குக் குறைவாக இருந்தது.

“புண்ணுதான்னு நெனைக்கிறேன். நூத்துக்கு நூறு சொல்ல மாட்டேன். மாத்திரையைத் தொடரலாம். ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுப்போம். நடுவுல தலைவலி, வாந்தி, கை இழுக்கறதுன்னு ஏதாவது வந்தா உடனே வாங்க” என்றார்.

“அந்த ரெண்டு மாசத்துல நெஜமாவே வளந்திருச்சுன்னா?” என்று தம்பி கேட்டார்.

“வளரலாம். அப்ப வேற வழி பாப்போம். ஆனா, பிடிக்கற மருந்தை இப்ப நிறுத்திட்டா, அதைத் திருப்பி வாங்க முடியாது.”

இதுவரைக்கும் யாரும் தையற்காரரிடம் எண்ணைச் சொல்லியிருக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில், கொடைரோடு தாண்டியதும், மகனிடம் சாதாரணமாகக் கேட்டார். “உன் போன்ல எத்தனை மாசம்டா போட்டிருக்கான்?”

மகன் சொல்லிவிட்டான். பாதிப் பேர் அதைத் தாண்டியிருக்கிறார்கள் என்பதையும், அப்பாவின் ரிசல்ட்டுக்கு அது இன்னும் கூடும் என்பதையும் அவசரமாகச் சேர்த்துச் சொன்னான். அவர் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, “ரெடிமேட் சட்டை மாதிரின்னு சொல்லு. மீடியம்னு ஒரு சைஸ் போட்டு வெச்சிருப்பான். அது கடைக்கு. ஆளுக்கு இல்ல” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம், “கல்யாணத் தேதியை மாத்தாதே” என்று மட்டும் சொன்னார்.

இதைத் துணிச்சல் என்று சொல்லிவிட முடியாது. அந்த இரண்டு மாதம் அந்த அம்மா தூங்கவில்லை. ராத்திரி எழுந்து, அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பார். காலையில் தட்டை வைத்துவிட்டு, உப்பைத் தொடுகிறாரா என்று அடுப்படியிலிருந்து கவனிப்பார். அவருக்கு அதுதான் ஸ்கேன். மோசமான ஸ்கேனும் இல்லை.

கார்த்திகையில் எடுத்த படத்தில் வளையம் சுருங்கியிருந்தது. வீக்கம் பெருமளவு வற்றியிருந்தது. தம்பி டாக்டரம்மாவின் அறையிலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். “கும்பிடாதீங்க, இது குணமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல” என்று அவர் தெளிவாகவே சொன்னார். இந்த நோய் பெரும்பாலும் திரும்பி வரும். எப்போது என்பது தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை படம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தையில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குச் சட்டை அவர் தைக்கவில்லை. கடைப் பையன் வெட்டித் தைத்தான். இவர் பக்கத்தில் உட்கார்ந்து காலர் சரியில்லை என்று இரண்டு தடவை பிரிக்க வைத்தார்.

சித்திரையில் மாத்திரை முடிந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் மாதங்களுக்குப் பெயர் இல்லாமல் போனது. ‘ஸ்கேனுக்கு முந்தி’, ‘ஸ்கேனுக்குப் பிந்தி’ என்றுதான் பேச்சு. ஸ்கேனுக்கு முந்தின வாரம் யாரும் சத்தமாகச் சிரிக்க மாட்டார்கள். டி.வி ஓடும், யாரும் பார்க்க மாட்டார்கள். மெஷினுக்குள் 40 நிமிடம் ‘டக் டக்’ என்று இடிக்கிற சத்தத்தில் படுத்திருப்பது தையற்காரருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பழைய பவர் மெஷின் சத்தம் மாதிரிதான் இருக்கிறது என்றார். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் அந்த 40 நிமிடம்.

ஆவணி வந்தது. ஆபரேஷன் முடிந்து 14 மாதம். மகன் எண்ணிக்கொண்டிருந்தான், யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாதப் படத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

மகன் வழக்கம்போல நோட்டில் கேள்விகள் எழுதிக்கொண்டு வந்திருந்தான். அவன் ஆரம்பிப்பதற்குள் தையற்காரர் முந்திக்கொண்டார்.

“டாக்டரம்மா, தீபாவளிக்குத் துணி வாங்கலாமா? ஆளுங்க கேக்குறாங்க. கொடுத்தா தைச்சுக் கொடுத்தாகணும்.”

டாக்டரம்மா படத்தை இன்னொரு தடவை பார்த்தார். “தீபாவளிக்கு வாங்குங்க. கண்டிப்பா.”

“பொங்கலுக்கு?”

“பொங்கலுக்குக் கார்த்திகை ஸ்கேன் பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் அட்வான்ஸ் வாங்காதீங்க.”

“சரிம்மா” என்று எழுந்துகொண்டார். அந்த வாரமே நாலு சட்டைத் துணி வந்துவிட்டது. ஒன்று, தம்பியுடையது.